அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விடுபட்ட 1971 பதக்கங்கள்

வணக்கம் நண்பரே. ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்த உங்கள் அப்பாவிடம் 1971 போருக்கான பூர்வி ஸ்டார், சங்கிராம் மெடல் என்ற இரண்டு பதக்கங்களும் இருந்தும், பணி முடிந்து வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவை ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. அதைத் திருத்த வேண்டியது, அவருடைய பணிப் பதிவுகளை வைத்திருக்கும் நீலகிரி வெலிங்டன் ரெக்கார்டு ஆபீஸ்தான்.

முதலில் சங்கிராம் மெடலின் விளிம்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் சர்வீஸ் நம்பரும் பெயரும் இருக்கும். அதைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து, புத்தகத்தின் பதக்கப் பக்க நகலோடு, அப்பா கையெழுத்திட்ட மனுவாக அந்த ரெக்கார்டு ஆபீஸுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அவர்களாகக் கேட்கும்வரை மூலப் புத்தகத்தை அனுப்பவே வேண்டாம். மனு எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள்.

அப்புறம், 1972 ஆகஸ்ட் 15 அன்று அப்பா பணியில் இருந்திருந்தால், சுதந்திர 25-ஆம் ஆண்டுப் பதக்கமும் அவருக்கு உண்டு. அதையும் சேர்த்தே கேளுங்கள்.