32 ஆம்பியர் எம்சிபி 0.4 விநாடிக்குள் ட்ரிப் ஆகுமா? பி டைப் போடவா, சி டைப் போடவா?

தோட்டத்துப் பழைய வீட்டை எடுத்துக் கட்டுகிறீர்கள், டிபி பாக்ஸில் பி டைப் எம்சிபி போட்டால் எர்த் பழுது வரும்போது 0.4 விநாடிக்குள் ட்ரிப் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக அறுக்கும் ஸ்விட்ச்; எர்த் பழுது என்பது லைன் கம்பி சாமானின் உடம்பில் ஒட்டி, கரண்ட் எர்த்துக்குப் பாய்வது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒயரிங் வேலை செய்கிறவன் நான். நம்ம வீடுகளில் எர்த் பழுதுக்கு எம்சிபியை நம்பவே கூடாது. பி டைப்பும் அப்படித்தான், சி டைப்பும் அப்படித்தான்.

அந்த 0.4 விநாடி டிஎன் முறைக்கு உரியது. அதில் எர்த் கம்பி சப்ளை கேபிளோடு சேர்ந்து டிரான்ஸ்பார்மர் வரை போகும். பழுது வந்தால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாயும், எம்சிபி உடனே ட்ரிப் ஆகும். இங்கே மின்சார நிறுவனமான டிஎன்பி வீட்டுக்குக் கொடுப்பது லைனும் நியூட்ரலும்தான். எர்த் என்பது நாம் வாசலோரம் அடிக்கிற ராட். இது டிடி முறை. 230 வோல்ட்டில் இதற்கு ஐஇசி 60364 என்ற சர்வதேச ஒயரிங் தரவிதி கேட்கும் நேரம் இன்னும் குறைவு, 0.2 விநாடி.

கணக்கைப் பாருங்கள். ராட் 10 ஓம் காட்டினால் நல்ல எர்த் என்போம். 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். வாஷிங் மெஷின் உடம்பில் லைன் ஒட்டினால் பாயப்போவது அவ்வளவுதான். 32 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண லோடு, அசையாது. 20 ஆம்பியர் எம்சிபிகூட ஒரு மணி நேரம் ஆனாலும் ட்ரிப் ஆகும் என்று சொல்ல முடியாது. அதுவரை மெஷினின் உடம்பில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் நிற்கும், ஈரக் கையோடு யாராவது தொடுகிறவரை.

இதற்குத்தான் ஆர்சிசிபி: லைனில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் ஒத்துப்போகாமல் கசிந்தால் அறுக்கும் ஸ்விட்ச். அதே 23 ஆம்பியர் 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கு 230 மடங்கு. சாதாரண வகை ஆர்சிசிபி தன் அளவைப்போல் ஐந்து மடங்கு கசிந்தாலே 0.04 விநாடிக்குள் அறுத்தாக வேண்டும். அதனால்தான் 1994 மின்சார ஒழுங்குவிதிகளில் இது கட்டாயம்: பொதுவாக 100 மில்லி ஆம்பியர், கையில் பிடித்து வேலை செய்யும் சாமான்களுக்கு 30, தரை ஈரமாக இருக்கும் இடத்துக்கு 10. குளியலறை வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக ஒரு 10 மில்லி ஆம்பியர் போடச் சொல்லுங்கள். காசு பார்க்காதீர்கள். ஒன்று மட்டும் கவனம்: ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அது ட்ரிப் ஆவது அதன் உள்ளிருக்கும் ரெசிஸ்டரால். உங்கள் ராட் நன்றாக இருக்கிறதா என்று அந்தப் பட்டன் சொல்லாது. ராடை எர்த் டெஸ்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அப்படியானால் பியா சியா என்ற கேள்விக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, லைனும் நியூட்ரலும் முட்டிக்கொள்ளும் ஷார்ட்டில். அதை ஆர்சிசிபி கண்டுகொள்ளாது. உடனே ட்ரிப் ஆவதற்கு பி டைப்புக்குத் தன் அளவில் 5 மடங்கு வரை வேண்டும், சி டைப்புக்கு 10 மடங்கு வரை. அதாவது 20 ஆம்பியர் பி என்றால் 100 ஆம்பியர் பாய வேண்டும், லூப் (கரண்ட் போய்வரும் மொத்தப் பாதையின் ரெசிஸ்டன்ஸ்) 2.3 ஓமுக்குள் இருக்கலாம், சி என்றால் 1.15க்குள் இருக்க வேண்டும். பின்னால் கோழிக் கொட்டகைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 50 மீட்டர் இழுத்தால், போய்வருவதற்கே முக்கால் ஓம் கிட்டப் போய்விடும். சப்ளை பக்கத்தையும் சேர்த்தால் சி டைப்புக்கு இழுபறிதான். அங்கே பி டைப் போடுங்கள், இல்லையென்றால் கம்பியைப் பெரிதாக்குங்கள். வீட்டுக்குள் ஓட்டம் குட்டையாக இருந்தால் சி டைப்பே போதும், மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது சும்மா ட்ரிப் ஆகாது.

இடி மின்னலில் ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதைக் கழற்றிவிட்டு வெறும் ஐசோலேட்டர் (கையால் மட்டும் அணைக்கும் ஸ்விட்ச்) மாட்டிக் கொடுப்பவர்கள் நம்ம பக்கம் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் வந்தால் வேலை கொடுக்காதீர்கள். மின்னல் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டர் ஒன்று சேர்த்து, ஃபிரிட்ஜ் லைனைத் தனி ஆர்சிசிபிக்கு மாற்றச் சொல்லுங்கள். மற்றது ட்ரிப் ஆனாலும் மீன் கெட்டுப்போகாது.