மீன் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: டாக்டரம்மா, என் மகனுக்கு மூன்றரை வயது. ராத்திரி 11.30க்கு முன்னால் கண் மூடுவதில்லை. காலை 7 மணிக்குப் பால்வாடிக்கு எழுப்பினால் ஒரே அழுகை. சாயங்காலம் 4 மணியிலிருந்து 6 வரை தூங்குவான். எழுந்ததும் டீயும் பொறையும். இரவு 9.30க்குப் போனைக் கையில் கொடுத்தால்தான் சோறு இறங்கும். படுத்த பிறகும் காலை உதைத்துக்கொண்டே கிடக்கிறான். ராத்திரி மீன் கொடுப்பதுதான் காரணம் என்கிறார் மாமியார். போன்தான் என்கிறார் கொழுந்தன். யார் சொல்வது சரி? (இவன் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்.)
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: கொழுந்தனுக்குப் பாதி மார்க். மாமியாருக்கு முட்டை. நான் பாம்பனில் பிறந்து ராத்திரியும் மீன் தின்று வளர்ந்தவள், அதனால் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன்: முள் எடுத்த மீனும் சோறும் எந்தப் பிள்ளையின் தூக்கத்தையும் கெடுக்காது. காரக் குழம்பை வயிறு முட்டத் தின்றுவிட்டு உடனே படுத்தால் நெஞ்சு எரியும்; அது மீனின் குற்றம் இல்லை.

உங்கள் வீட்டில் யாருமே குறை சொல்லாத ஆள் ஒன்று இருக்கிறது. அந்த ஆறு மணி டீ. டீயில் இருக்கும் கஃபீன்தான் தூக்கத்தை விரட்டுவது; அது பெரியவர்கள் உடம்பிலேயே பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். ஆறும் ஐந்தும் பதினொன்று. உங்கள் மகன் கண் மூடும் நேரத்தைப் பாருங்கள். அதோடு, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் டீ தடுக்கும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகளில் சிலர் படுத்ததும் இப்படித்தான் காலை உதைப்பார்கள். ஒரு தடவை டாக்டரிடம் காட்டி ரத்தம் பார்த்துவிடுங்கள். நீங்களாக டானிக் வாங்கி ஊற்ற வேண்டாம். வாய் திறந்து குறட்டை விடுகிறானா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள்.

அடுத்தது போன். பிள்ளைகளின் கண்மணி பெரியது, உள்ளே இருக்கும் லென்ஸும் தெளிவானது. அதே வெளிச்சம் நம்மைவிட அவர்களுக்கு அதிகமாக உள்ளே போகும். மெலடோனின் என்று ஒன்று இருட்டில் சுரந்துதான் தூக்கத்தைக் கூட்டி வரும். வெளிச்சம் பட்டால் அது பின்வாங்கிவிடும். 9.30க்குப் போனும் சோறும் என்றால் 10 மணிக்கு அவன் உடம்புக்கு அது சாயங்காலம்தான். போனைப் பார்த்துத் தின்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் பேத்திக்கு ஆறு மாதம் அப்படித்தான் ஊட்டினேன். டாக்டர் வீட்டு லட்சணம்!

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்குப்படி, இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். திரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் மகனுக்கு ராத்திரி ஏழரை, பகல் இரண்டு, ஆக ஒன்பதரை.

சரி, என்ன செய்யலாம்? பகல் தூக்கத்தை முன்னால் தள்ளி, 3.30க்கு எழுப்பிவிடுங்கள். டீயை அடியோடு நிறுத்துங்கள், பால் போதும். ஏழு, ஏழரைக்குள் சோறு, உங்களோடு சேர்ந்து உட்கார்ந்து. அதற்கு அப்புறம் திரை கிடையாது. காலை 7 மணி எழுப்புதலை ஞாயிற்றுக்கிழமையும் மாற்றாதீர்கள்.

ஒன்று எனக்குப் புரிகிறது. படகு போன ராத்திரியில் போனைத் தள்ளி வைக்க உங்களுக்கே மனசு வராது. எங்கள் அம்மா ரேடியோவை விட்டு நகர மாட்டார். சத்தத்தைக் கூட்டி அடுப்படி அலமாரியில் வையுங்கள். மணி அடித்தால் கேட்கும், மகன் கண்ணில் படாது.

முதல் நாலைந்து நாள் கத்துவான். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.