நல்லெண்ணம் வளர்த்தல்: மலைவாழ் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கூடலூரிலிருந்து ஒரு தேயிலைத் தொழிலாளி: ஐயா, கொழுந்து பறிக்கையில் அட்டைகள் எங்கள் காலடியில் மிதிபட்டுச் சாகின்றன. பௌத்தம் சொல்லும் கொல்லாமைச் சீலத்தை (ஒழுக்கத்தை) மீறுகிறோமா?

பதில்: இல்லை அம்மா. மனத்தின் நாட்டத்தையே தாம் வினை என்று சொல்வதாகப் புத்தர் தம் போதனைத் தொகுப்புகளுள் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் கூறுகிறார். பார்வையிழந்த மூத்த துறவியான சக்குபாலத் தேரர் மழைக்குப் பின் உலாவியபோது பூச்சிகள் மிதிபட்டு இறந்தன. பிற பிக்குகள் அதைக் குறையாகச் சொன்னபோது, அவரிடம் கொல்லும் எண்ணம் இல்லை என்று புத்தர் விளக்கியதாகத் புத்தரின் அறவுரைப் பாடல்களான தம்மபதத்தின் உரை சொல்கிறது. ஆனால் கடித்த ஆத்திரத்தில் அட்டையின் மீது உப்பைக் கொட்டிச் சாகடித்தால் அங்கே கொல்லும் நாட்டம் வந்துவிடுகிறது. புகையிலைத் தூளைக் காலில் தேய்த்து, ஏறவிடாமல் தடுப்பதே நல்லது.

கோத்தகிரியிலிருந்து ஒரு சிறு விவசாயி: கொழுந்து எடைபோடும் இடத்தில் ஈரம் என்று சொல்லி அளவுக்கு மீறிக் கழிக்கிறார்கள். அன்று முழுவதும் கோபம் தீர்வதில்லை. இந்த மனத்தில் நல்லெண்ணம் எப்படி வளரும்?

பதில்: நியாயமான எடையைக் கேட்பது தீவினை அன்று, தயங்காமல் கேளுங்கள். கேட்கும்போது அந்த மனிதர் கெட்டுப்போக வேண்டும் என்று மனம் விரும்புகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஞானம் பெறுவதற்கு முன் தம் எண்ணங்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததாகப் புத்தர் மஜ்ஜிம நிகாயம் என்னும் மற்றொரு தொகுப்பில் சொல்கிறார்: புலனாசை, பகை, துன்புறுத்தல் ஆகியவை ஒருபுறம், துறவு, பகையின்மை, துன்புறுத்தாமை ஆகியவை மறுபுறம். பகை எழும்போது, ‘இது எனக்கும் பிறருக்கும் துன்பம் தரும், அறிவை மழுக்கும்’ என்று அவர் எண்ணிப் பார்த்தார். பார்த்த அளவில் அது தணிந்தது. எதை மிகுதியாக நினைக்கிறோமோ அதன் பக்கமே மனம் சாய்கிறது என்பது அங்கே அவர் காட்டும் காரணம். ஆகவே கோபத்தை அடக்கி வைப்பதைவிட, அதன் விளைவை அது எழும் கணத்திலேயே பார்க்கப் பழகுவது பயன் தரும். தம் மகன் ராகுலனுக்கு அவர் சொன்னதும் இதற்குத் துணையாகும்: ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும், அது தனக்கோ பிறருக்கோ துன்பமாகுமா என்று ஆராய வேண்டும். எடைமேடைக்குச் செல்லும் வழியிலேயே இதைத் தொடங்கலாம்.

குன்னூரிலிருந்து ஒரு மாணவி: எண்ணமும் வினையாகும் என்பதற்குத் தமிழில் சான்று உண்டா?

பதில்: உண்டு. மணிமேகலை பத்துத் தீவினைகளைச் சொல்லும்போது வெஃகல் (பிறர் பொருளுக்கு ஆசைப்படுதல்), வெகுளல் (சினத்தல்), பொல்லாக் காட்சி (தவறான நோக்கு) என்னும் மூன்றை உள்ளத்தில் தோன்றுவனவாக வகுக்கிறது.

உதகையிலிருந்து ஒரு வணிகர்: புண்ணியம் கருதித் தானம் செய்தால் அது கெட்ட எண்ணமா?

பதில்: கெட்டதன்று, ஆனால் தாழ்ந்த படி. பலனை எதிர்பார்த்துத் தருவதிலிருந்து மனத்தை அழகுபடுத்தவே தருவது வரை புத்தர் படிப்படியாகக் காட்டுகிறார். முதற்படியில் நிற்பவரை அவர் தடுக்கவில்லை. நீங்களும் தருவதை நிறுத்த வேண்டாம்.