மூட்டோரம் வெளிறிய மேசை

கேள்வி: தேக்கில் ஆறு பேர் அமரும் சாப்பாட்டு மேசையும் நாற்காலிகளும் செய்யக் கொடுத்தேன். அடர்பழுப்பு ஸ்டெயின் (மரச்சாயம்) பூசி, பாலிஷ் போட்டு மேசையை மட்டும் கொண்டுவந்து இறக்கினார்கள். பலகைகள் சேரும் இடங்களில் வெளிறிய திட்டுகள் தெரிகின்றன. மரத்தின் இயல்பு அப்படி, நாளாக நாளாக நிறம் சேர்ந்துவிடும் என்கிறார் தச்சர். மட்டமான மரத்தைத் தலையில் கட்டிவிட்டார்களா? பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாமா?

பதில்: மரத்தைச் சந்தேகப்பட வேண்டாம். திட்டுகள் மூட்டை ஒட்டியே இருப்பதால் இது பெரும்பாலும் பசையால் வந்த கோளாறுதான். பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பை இறுக்கும்போது பசை கொஞ்சம் பிதுங்கத்தான் வேண்டும். பசை போதுமான அளவு இட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிதுங்கியதை அழுக்கு ஈரத்துணியால் அவசரமாக இழுத்துத் துடைக்கும்போதுதான் வினை தொடங்குகிறது. நீர்த்த பசை தேக்கின் துளைகளுக்குள் இறங்கிக் காய்ந்து அடைத்துக்கொள்கிறது. அங்கே ஸ்டெயின் ஊறாது. எத்தனை மாதம் காத்திருந்தாலும் நிறம் சேராது; மேலே இன்னொரு கோட் பாலிஷ் அடித்தாலும் பயனில்லை.

சரிசெய்ய முடியும், ஆனால் திட்டை மட்டும் தேய்க்க விடாதீர்கள். தேய்த்த இடம் வேறு நிறமாகிப் புதிய திட்டாக நிற்கும். மேல்பலகை முழுவதும் பாலிஷை நீக்கி, பசையை வெற்று மரம் வரை சுரண்டி, 120, பிறகு 180 எண் உப்புத்தாளால் ஒரே சீராக இழையோட்டத்தின் திசையில் தேய்த்து, மறுபடி ஸ்டெயின் பூசவேண்டும். இரண்டு மூன்று நாள் வேலைதான். அதை முடித்துத் தரும்வரை பாக்கியை நிறுத்திவையுங்கள். காரணத்தை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனாலும் நல்ல தச்சர் கிடைப்பது அரிது. முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

அதைவிட அவசரம், பட்டறையில் இருக்கும் நாற்காலிகள். அவற்றுக்கு ஸ்டெயின் ஏறுவதற்குள் நேரில் போய்விடுங்கள். டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒவ்வொரு மூட்டையும் துடைக்கச் சொல்லிப் பாருங்கள் (அருகில் நெருப்பு கூடாது, காற்றோட்டம் வேண்டும்). மரம் நனைந்து கருக்கும். பசை இருக்கும் இடம் மட்டும் வெளிறி நிற்கும். அங்கே பென்சிலால் குறியிட்டு, காய்ந்தபின் உளியாலோ உப்புத்தாளாலோ எடுத்துவிட்டு மறுபடி துடைத்துப் பார்க்க வேண்டும். இன்னும் ஒட்டாத மூட்டுகள் இருந்தால் வேலை இன்னும் எளிது. மூட்டின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு இறுக்கட்டும். பிதுங்கிய பசையை அரை மணி நேரம் போல விட்டால் ரப்பர் பதத்துக்கு வரும். அப்போது மழுங்கிய உளியால் வழித்தால் மரத்தில் அப்பாமல் சுருளாக வந்துவிடும். முற்றிலும் கல்லாக இறுகவிட்டுப் பெயர்த்தால் மர நாரும் சேர்ந்து பிய்ந்து வரும்.