கேள்வி–பதில்: ஸ்காபரோவை விட்டு அல்பேர்ட்டா போகலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தை விட்டு முதலில் ஜெர்மனி, பிறகு ஸ்காபரோ. பதினாறு வருடமாகியும் வாடகை வீடுதான். எட்மன்ரனில் வீடு வாங்கிப் போனால் 'இது எங்கட இடம்' என்ற எண்ணம் வருமா? – வாசகி, ஸ்காபரோ

பதில்: வீடு வந்துவிடும். சனம் வருமா என்பதைப் பார்க்க வேண்டும். போன கிழமையை மட்டும் எடுத்து ஒரு கடுதாசியில் எழுதுங்கள்: யாரிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனீர்கள், யார் வீட்டில் தேத்தண்ணி குடித்தீர்கள், எந்தக் கடையில் தமிழிலேயே சாமான் வாங்கினீர்கள். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால், இடம் மாறும்போது நீங்கள் கைவிட்டுப் போவது அதைத்தான். பட்டியலில் இரண்டு பெயர்தான் என்றால், துணிந்து போகலாம்.

காசுக் கணக்கு எட்மன்ரன் பக்கமே. 10 லட்சம் டொலருக்கு ரொறன்ரோ நகரத்துக்குள் வீடு வாங்கினால் மாகாணத்துக்கு 16,475 டொலர், நகரத்துக்கு இன்னொரு 16,475 டொலர் என்று காணி மாற்று வரி கட்ட வேண்டும். முதல் வீடு என்றால் கொஞ்சம் கழிவு உண்டு. அல்பேர்ட்டாவில் அந்த வரியே இல்லை, பதிவுக் கட்டணம் மட்டும். கடையில் விற்பனை வரி 13 வீதத்துக்குப் பதிலாக 5 வீதம். ஆனால் யூலையில் போய், இரவு பத்து மணி வரை வெயிலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு முற்பணம் கட்டுவதுதான் பலரும் விடும் பிழை. தையில் பத்து நாள் போய் நில்லுங்கள். மார்கழி நடுவில் எட்மன்ரனில் பகல் ஏழரை மணித்தியாலம், ரொறன்ரோவில் ஏறக்குறைய ஒன்பது. மகா கணபதி கோயில் அங்கே இருக்கிறது. நீங்கள் பார்க்கும் வீட்டிலிருந்து வெள்ளி மாலை, வேலை முடிந்த களைப்போடு, பனி வீதியில் அங்கே போய் வர எவ்வளவு நேரம் என்று ஓடிப் பாருங்கள். அதன் பிறகும் முதல் வருடம் வாடகைக்கே இருங்கள்.

வாடகை விதிகள் இங்கத்தையவை அல்ல. அல்பேர்ட்டாவில் வாடகை ஏற்றத்துக்கு உச்சவரம்பு கிடையாது. வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஏற்ற முடியாது, அவ்வளவுதான். வைப்புப் பணம் ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. குடிபுகும் நாளுக்கு முன்போ பின்போ ஒரு கிழமைக்குள் வீட்டைப் பார்வையிட்டு எழுத்தில் அறிக்கை தர வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. அது இல்லாவிட்டால் சேதம் என்று சொல்லி அந்தப் பணத்தில் அவர் கை வைக்க முடியாது. அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், படமும் எடுத்து வையுங்கள். இங்கே ஒன்ராறியோவில் மாத வாடகையில் இருப்பவர்கள், வீட்டை விடுகிறோம் என்று அறிவிக்கும் என்9 படிவத்தை 60 நாள் முன்பே கொடுக்க வேண்டும். கடைசி நாள் வாடகை மாதத்தின் முடிவில் விழ வேண்டும்.

கேள்வி: எந்த மாதம் மாறினால் நல்லது? நாலு வயதில் ஒரு பிள்ளை, பதினோராம் வகுப்பில் ஒரு பிள்ளை. – வாசகர், மார்க்கம்

பதில்: பிள்ளைகளில் இருந்து தொடங்குவோம். ஒன்ராறியோவில் நாலு வயதுப் பிள்ளைக்கு முழுநாள் பாலர் வகுப்பு இலவசம். அல்பேர்ட்டாவில் நாலு வயதுக்கு அப்படி ஒன்று கிடையாது. ஐந்து வயதில் வரும் கிண்டர்கார்டனுக்கும் மாகாணம் காசு கொடுப்பது வருடத்தில் 475 மணித்தியாலத்துக்கே. ஆகவே பகல் பராமரிப்புச் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள். மூத்தவரைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு நடுவில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே முக்கிய பாடங்களுக்கு மாகாணப் பொதுப் பரீட்சை உண்டு, இறுதிப் புள்ளியில் 30 வீதம் அதற்குத்தான். பள்ளி முடிந்த பிறகு போவதே என் முடிவு.

அடுத்தது மருத்துவக் காப்புறுதி. போய்ச் சேர்ந்த மாதத்தை விட்டு, மூன்றாவது மாதத்தின் முதல் நாளில் அல்பேர்ட்டாக் காப்புறுதி தொடங்கும். யூன் 30 போய் இறங்கினால் செப்டெம்பர் 1. ஒரு நாள் பிந்தி யூலை 1 என்றால் ஒக்டோபர் 1. இடைப்பட்ட காலத்துக்கு ஒன்ராறியோ ஹெல்த் கார்ட் மருத்துவரிடமும் ஆஸ்பத்திரியிலும் செல்லும். அம்புலன்ஸுக்கும் மருந்துக் கடைக்கும் செல்லாது. நீரிழிவு, பிரஷர் குளிசை எடுப்பவர்கள் புறப்படுமுன் மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனதும் மூன்று மாதத்துக்குள் ரெஜிஸ்ட்ரி அலுவலகத்தில் பதிய வேண்டும். முகவரி காட்டும் கடிதம் தேவை.

வருமான வரிக்கு டிசம்பர் 31 அன்று எங்கே குடியிருந்தீர்கள் என்பதே கணக்கு. முழு வருடமும் அந்த மாகாண வீதந்தான். வேலைக்காகப் போகிறவர்கள், புது வீடு புது வேலைக்குக் குறைந்தது 40 கிலோமீற்றர் கிட்ட இருந்தால், ரி1-எம் படிவத்தில் இடமாற்றச் செலவைக் கழிக்கலாம். அதுவும் புது இடத்தில் உழைத்த வருமானத்தில் இருந்து மட்டும். மிஞ்சியது அடுத்த வருடத்துக்குப் போகும். சாப்பாட்டுக்கு ஒரு வேளைக்கு 23 டொலர், ஒருவருக்கு நாளுக்கு 69 டொலர் வரை, பற்றுச்சீட்டு இல்லாமல் கேட்கலாம்.

கேள்வி: காரில் ஓடிப் போவதா, அங்கே போய் வேறு வாங்குவதா? – வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: கல்கரி வரை ஏறக்குறைய 3,400 கிலோமீற்றர், நாலு நாள் ஓட்டம். தொலைபேசி வரைபடம் பெரும்பாலும் அமெரிக்காவுக்குள்ளால்தான் வழி காட்டும். இலங்கைக் கடவுச்சீட்டும் நிரந்தர வதிவிட அட்டையும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அங்கே நுழைய விசா வேண்டும். எல்லையில் போய் நின்று திரும்பாமல், சூ சென் மரி, தண்டர் பே, வினிபெக் என்று பெயர் கொடுத்து வழி போடுங்கள். சுப்பீரியர் ஏரிக் கரையில் இருட்டின பிறகு ஓடாதீர்கள், மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே வரும்.

ஒன்ராறியோக் காரை அங்கே பதிய வெளிமாகாண வாகனச் சோதனை கட்டாயம். உப்பு தின்ற அடிப்பாகம், பிரேக் குழாய்த் துரு, சாரதிக்கு முன்னால் வெடித்த கண்ணாடி, முன் பக்கக் கதவுக் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாள் – பெரும்பாலும் விழுவது இவற்றில்தான். இங்கேயே ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிப் பார்த்து, திருத்தச் செலவு அதிகமென்றால் விற்றுவிட்டுப் போங்கள். சாரதி அனுமதிப்பத்திரமும் வாகனப் பதிவும் 90 நாளுக்குள் மாற்ற வேண்டும். பழைய காப்புறுதி நிறுவனத்திடம் விபத்து வரலாற்றுக் கடிதம் வாங்காமல் போனால் புது ஓட்டுநர் விலை சொல்வார்கள்.

இயந்திரத்தைச் சூடாக்கும் பிளொக் ஹீற்றர் ரொறன்ரோக் கார்களில் பெரும்பாலும் இராது. முன் கிறில்லுக்குள்ளால் மூன்று முனைப் பிளக் தொங்கினால் இருக்கிறது என்று அர்த்தம். மைனஸ் 15க்குக் கீழே போனால், புறப்பட நாலு மணித்தியாலம் முன்பு ஓடும்படி ரைமர் போட்டால் போதும், விடிய விடியச் செருகத் தேவையில்லை. கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 என்று எழுதியதாகப் பாருங்கள். கோடைக்கு விட்டது குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும்.

கேள்வி: கல்கரி வந்து மூன்று மாதம். பருப்பு வேகுதில்லை, தோசை மா பொங்குதில்லை. தண்ணீர்க் குற்றமா? – வாசகி, கல்கரி

பதில்: பருப்புக்குக் காரணம் உயரம். கல்கரி கடல்மட்டத்தில் இருந்து 1,045 மீற்றர், தண்ணீர் ஏறக்குறைய 96.5 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் அவிக்காமல் பிரஷர் குக்கரில் வைத்து இரண்டு விசில் கூட விடுங்கள். மாவுக்குக் காரணம் குசினிக் குளிர். பீற்சா சுடும் 'அவன்' (oven) அடுப்பை மூட்டாமல் உள்ளே இருக்கும் லைற்றை மட்டும் போட்டு, மாப் பாத்திரத்தை வைத்து மூடிவிடுங்கள். உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள். வீட்டுக் காற்று அங்கே நன்றாக உலரும், ஈரத்துணி ஒன்றைப் பாத்திரத்தின் மேல் போட்டால் மேற்பரப்பு காய்ந்து தோல் பிடிக்காது. பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் விடுங்கள். அந்த அடுப்புக் கதவில் 'உள்ளே மா' என்று ஒரு துண்டு ஒட்டாவிட்டால், வீட்டில் யாராவது பீற்சா சூடாக்கப் போய் அதை மூட்டிவிடுவார்கள்.