மழை விட்ட காலையில் மட்டும் என் குதிரை துள்ளித் தள்ளிவிடுகிறது, மற்ற நாளில் சாது. என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கை தானாக இடது மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டது. மழை நாளில் இன்னும் வலிக்கும்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். ரப்பர் போய் செம்பனை வந்த தோட்டம். சித்தப்பா ஈப்போ பந்தயத் திடலில் பல வருடம் சைஸாக, அதாவது குதிரை பார்த்துக்கொள்பவராக, இருந்தவர், வேலையை விட்டு வரும்போது ஓடி முடித்த ஒரு குதிரையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சித்தி அவரோடு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குதிரை மைலோ பானம் கலக்கின நிறம், அதனால் பெயரும் மைலோ.

நேராகச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்: உங்கள் குதிரை சாது இல்லை, வெயிலில் சோர்ந்து கிடக்கிறது. குதிரை உடம்புக்குச் சுகமான வெப்பநிலை என்றால் 5 முதல் 25 டிகிரி வரை. நம் ஊரில் மத்தியானம் 33, 34 தொடும், காற்றில் ஈரம் வேறு, அதனால் வேர்வை காயாது, சில குதிரைகளுக்கு வேர்ப்பதே நின்றுபோகும். அப்படித் தலையைத் தொங்கப்போட்டு நடக்கிறதைத்தான் நாம் நல்ல குணம் என்று எண்ணிக்கொள்கிறோம். நாலு நாள் அடைமழை பெய்து காலையில் 22 டிகிரிக்கு இறங்கினால் நமக்கு ஸ்வெட்டர், அதற்கு அப்போதுதான் மூச்சே வருகிறது. அந்த நாலு நாளும் லாயத்தில் நின்றபடி வேலை நாளின் தீனியையே தின்றிருக்கும். அப்புறம் துள்ளாமல் என்ன செய்யும்?

நான் விழுந்ததும் அப்படி ஒரு நவம்பர் காலையில்தான். வேலைக்கு நேரமாகிறது என்று அவசரமாகச் சேணத்தைப் போட்டு, வயிற்றுவாரை ஒரே இழுப்பில் இறுக்கி, ஏறி உட்கார்ந்து குதிகாலால் தட்டினேன். முதுகு எனக்கு அடியில் பானை மாதிரி உருண்டு எழும்பியது தெரிந்தது, அடுத்து தெரிந்தது செம்மண் சாலை. சித்தப்பா ஓடி வந்து முதலில் குதிரையின் காலைத் தடவிப் பார்த்தார், அப்புறம்தான் என்னிடம், "நீ குதிரையப் பாக்கல, மணியப் பாத்த" என்றார்.

குளிர்தான் காரணம் என்று முடிவு கட்டும் முன் வலி இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் பொறுத்துக்கொண்டு போகிற வலியைக் குளிரில், தசை இறுகியிருக்கும்போது, துள்ளிக் காட்டும். சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் முதுகைக் கவனியுங்கள். முழுக்க வேர்வையில் நனைந்திருக்க, நடுவில் உள்ளங்கை அளவு ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தால் அந்த இடத்தில் சேணம் அழுத்துகிறது என்று சந்தேகப்படலாம். அங்கே புதிதாக வெள்ளை முடி முளைத்திருந்தால் நெடுநாளாக அழுத்தியிருக்கிறது. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள், தோல் நடுங்கி, காது பின்னால் போனால் ஏறாதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள், வருடத்துக்கு ஒரு தடவையாவது கூர்முனையைத் தேய்த்துவிட வேண்டும். வயிற்றுப் புண்ணும் இருக்கலாம், பந்தயக் குதிரைகளுக்கு அது சகஜம்.

வலி இல்லை என்றால் தீனிக்கு வாருங்கள். வேலை இல்லாத நாளில் ஓட்ஸைப் பாதியாக்குங்கள், புல்லைக் குறைக்காதீர்கள். 500 கிலோ குதிரைக்குக் காய்ந்த புல்லாகவே 8 முதல் 10 கிலோ வேண்டும், நேப்பியர் புல் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் அதைப் போல நாலைந்து மடங்கு வெட்டிப் போட வேண்டியிருக்கும். தீனியைக் குறைக்காமல் நிறுத்தி வைத்துத் திடீரென்று வேலை வாங்கினால் துள்ளலைவிட மோசமானது ஒன்று வரும்: பின் தொடை பலகை மாதிரி இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அப்படி ஆனால் ஓர் அடிகூட நடத்தக் கூடாது, நின்ற இடத்திலேயே மருத்துவர் வரட்டும். மழை தூறினாலும் தினம் இரண்டு வேளை கையில் பிடித்து நடத்துவது நல்லது. சித்தப்பா குடையோடு நடத்துவார், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை.

ஏறும் காலையில் ஈர முதுகை நன்றாகத் துடைத்துவிட்டுச் சேணம் வையுங்கள். வயிற்றுவாரை ஒரு துளை இறுக்கி, பத்தடி நடத்தி, மறு துளை. இறுக்கும்போது வயிற்றை ஊதிக்கொள்ளும், அது மூச்சை விடும்வரை காத்திருங்கள். அப்புறம் நீளக் கயிற்றில் பிடித்து உங்களைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம், இடமும் வலமும் மாற்றி, நடை, ட்ராட் என்கிற மெல்லோட்டம். அதைக் களைக்க வைக்கிற வேலையாக ஆக்காதீர்கள், தினமும் விரட்டினால் அதற்கு இன்னும் தாக்குப்பிடிக்கிற சக்திதான் கூடும். தலை இறங்கி, மூக்கால் புர்ரென்று ஊதி, வால் தளர்ந்து ஆடினால் சரி, ஏறலாம். வாலை உடம்போடு இறுக்கி வைத்திருந்தால் இன்னும் ஒரு சுற்று.

மேலே இருக்கும்போது துள்ளப் பார்த்தால் தலையைக் கீழே விடாதீர்கள், தலை முன்னங்கால் நடுவே போனால்தான் முதுகை வில்லாக்க முடியும். குதிகாலை இறக்கி, தோளைப் பின்னால் வைத்து, காலால் முன்னே தள்ளுங்கள். சுறுசுறுப்பாக முன்னே போகிற குதிரையால் பெரிதாகத் துள்ள முடியாது. பயத்தில் இரண்டு கடிவாள வாரையும் பிடித்துத் தொங்குவதுதான் நாம் எல்லோரும் செய்கிற தப்பு. நடையிலோ ட்ராட்டிலோ என்றால் ஒரு பக்க வாரை மட்டும் இழுத்துத் அதன் தலையை உங்கள் முழங்கால் பக்கம் திருப்பலாம், பின்பாகம் விலகி நின்றுவிடும். பாய்ச்சலில் அதைச் செய்யாதீர்கள், ஈரச் செம்மண்ணில் இரண்டு பேரும் சேர்ந்து விழுவீர்கள். அடிக்கவும் அடிக்காதீர்கள்.

மைலோவுக்கு இப்போது பத்தொன்பது வயது. மழை விட்ட முதல் காலை, முதல் பாய்ச்சலில், இன்னமும் ஒரே ஒரு துள்ளல் உண்டு. அதற்காகவே அதன் கழுத்தில் பழைய அங்கவடி (கால் வைக்கும் வளையம்) வார் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறேன், அதைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன், ஒன்று, அவ்வளவுதான், பிறகு ஆற்றங்கரை வரை ஒழுங்காகப் போகும்.