இழுத்தேன், வரவில்லை!

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் பதில் சொல்பவர், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டிலாண்ட் நகரில் பாராசூட் மடிப்பதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகச் செய்யும் நம் வாசகி.

அக்கா, நான் அரிசோனாவில் ஈலாயில் விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கிறேன். இதுவரை 41 ஜம்ப். போன மாதம் செகண்ட் ஹேண்ட் ரிக் (பாராசூட்டும் முதுகுப் பையும் சேர்ந்த செட்) ஒன்று வாங்கினேன். அதில் மூன்றாவது ஜம்ப். 4,000 அடியில், பெரிய பாராசூட்டைத் திறக்கும் குட்டிப் பாராசூட்டான பைலட் சூட்டை இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன், அசையவில்லை. மூன்றாவது தடவை முழு பலத்தையும் போட்ட பிறகுதான் வந்தது. அப்போது உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் 2,800 அடி. மடிப்பதில் நான் என்ன தப்பு செய்கிறேன்?

தம்பி, மடிப்பைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த மூன்றாவது இழுப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும். வயிறு கீழே பார்க்க விழும்போது மணிக்குச் சுமார் 120 மைல் வேகம். ஆயிரம் அடி போக ஆறு நொடிகூட ஆகாது. ஒரு தடவை தடுமாறி இழுத்துப் பார்க்க இரண்டு நொடி ஆனால், 350 அடி கைவிட்டுப் போயிற்று. முதல் நிலை உரிமமான ஏ லைசென்ஸ்காரர்களுக்கு முடிவெடுக்க வேண்டிய உயரம் 2,500 அடி. நீங்கள் அதற்கு 300 அடி மேலே நின்று இன்னும் மெயினோடு, அதாவது பெரிய பாராசூட்டோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். இரண்டு தடவைதான். அதற்குள் வரவில்லை என்றால், உங்கள் பயிற்றுநர் சொல்லித் தந்த வரிசைப்படி ரிசர்வுக்கு, அதாவது அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்டுக்கு, போய்விடுங்கள். மூன்றாவது தடவை வந்துவிட்டது என்பதால் அது சரியான முடிவு ஆகிவிடாது.

சரி, மடிப்புக்கு வருவோம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. பைலட் சூட் என்பது கைக்குட்டை மாதிரி மடித்து, முதுகுப் பையின் அடிப்பாகத்தில் வலதுபக்கம் வாய் வைத்த ஒரு சின்ன ஸ்பான்டெக்ஸ் உறைக்குள் சொருகி வைக்கும் குட்டிப் பாராசூட். அதைப் பிடுங்கிக் காற்றில் எறிந்தால், அதோடு தைத்த பிரைடில் என்ற நாடா, பையை மூடிவைத்திருக்கும் பின்னை உருவி, பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும். முன்பெல்லாம் ரிப்கார்ட் என்ற திறப்புக் கம்பியை இழுத்தால் ஸ்பிரிங் வைத்த பைலட் சூட் தானே துள்ளி வெளியே வரும். கையால் எறியும் இந்த முறையை 1970-களில் கொண்டுவந்தவர் பில் பூத். மெயினைக் கழற்றிவிட உதவும் மூன்று வளைய ரிலீஸும் அவர் கண்டுபிடித்ததுதான். நான் இருக்கும் இதே டிலாண்டில்தான் அவர் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது.

ஸ்பிரிங் இல்லாததால் உறைக்குள் அந்தத் துணி எந்த வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எல்லாமே. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் 63-வது ஜம்ப். இழுத்தேன், வரவில்லை. முழங்கையை ஊன்றி மறுபடி இழுத்தேன், வரவில்லை. ரிசர்வைத் திறந்து ஒரு மாட்டுப் பண்ணையில் இறங்கினேன். அன்று சாயங்காலம் அங்கிருந்த வயதான ரிக்கர் (பாராசூட் மடித்துப் பழுது பார்ப்பவர்) ஒருவர் என் ரிக்கை மேஜையில் வைத்து, பைலட் சூட்டின் கைப்பிடியை மட்டும் பிடித்து இழுத்தார். உறையிலிருந்து துணி வரவில்லை. மொத்த ரிக்கும் மேஜையைவிட்டு எழும்பியது.

நான் அதைப் பாயைச் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, மேலே பிரைடிலையும் இரண்டு சுற்று சுற்றி வைத்திருந்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். வீட்டில் அம்மா பட்டுப்புடவை மடிப்பதைப் பார்த்து வளர்ந்த கை என்னுடையது, சுருக்கம் இருந்தால் பொறுக்காது. ஆனால் அப்படிச் சுருட்டியது ஒரே கட்டை. கைப்பிடியை இழுத்தால் கட்டை முழுதும் ஒரே நேரத்தில் உறையின் வாயைத் தாண்டியாக வேண்டும், வாயோ சின்னது. போதாததற்கு, வெளியே சுற்றிய பிரைடில் பைலட் சூட்டிலேயே முடிச்சு விழுந்து அதை விரியவிடாமலும் செய்யலாம். அதனால் பிரைடிலை வெளியே சுற்றும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

நமக்கு வேண்டியது கொசுவம் மாதிரி ஒன்று. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மடிப்பு மடிப்பாக உதிர்ந்து வர வேண்டும். கைப்பிடி தைத்திருப்பது பைலட் சூட்டின் உச்சியில். முதலில் உச்சித் துணி வெளியே வந்து, பின்னாலேயே மீதி நீளவாக்கில் ஒல்லியாக நீண்டு வந்தால், ஸ்பான்டெக்ஸ் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் விரல் நுனியில் வரும்.

நான் இப்போது செய்வது இதுதான். முதலில் பிரைடிலுக்குள் ஓடும் கில் லைன் என்ற கயிற்றை இழுத்து, பைலட் சூட் காற்றில் விரியும்படி தயார் செய்து (இதைத்தான் காக் செய்வது என்போம்), பிரைடிலில் இருக்கும் சின்ன ஜன்னலில் நிறம் தெரிகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் கைப்பிடி தரையைப் பார்க்க, மறுபக்கத்து வலைத்துணி என்னைப் பார்க்க வட்டமாக விரிப்பேன். இரண்டு பக்கத்தையும் நடுவுக்கு மடித்தால் உறையின் அகலத்துக்கு ஒரு பட்டை கிடைக்கும். பின்னிலிருந்து உறை வரை போகத் தேவையான நீளத்தை விட்டுவிட்டு, மீதி பிரைடிலை அந்தப் பட்டைக்குள்ளேயே பாம்பு மாதிரி முன்னும் பின்னும் வைத்து மூடுவேன். பிறகு கைப்பிடியை நோக்கி மடித்துக்கொண்டே வருவேன். மடிப்பேன், சுருட்டி இறுக்க மாட்டேன். ஒவ்வொரு மடிப்பிலும் உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றுவேன். காற்று ஊடுருவாத ஸீரோ பொராசிட்டி துணி என்றால் இதை மறக்கவே கூடாது, காற்று அதற்குள்ளேயே நின்று தலையணையாகிவிடும். ரிக் தயாரித்தவர்களின் கையேட்டில் வேறு மாதிரி படம் இருந்தால் அதன்படியே செய்யுங்கள். உங்கள் உறையை அளந்து தைத்தவர்கள் அவர்கள்.

உறைக்குள் வைக்கும்போது கடைசி மூலை வரை துணி போக வேண்டும். பலர் அவசரத்தில் வாயருகே திணித்துவிட்டு, கைப்பிடியைக் கட்டைவிரலால் உள்ளே அமுக்குவார்கள். வாயில் குண்டாக ஒரு பந்து, அதற்குள் புதைந்த கைப்பிடி. நான் பார்த்த ஹார்ட் புல்களில் (இழுத்தும் வராத கேஸ்களில்) பாதிக்கு மேல் இந்தப் பந்துதான். ஆனால் இதற்குப் பயந்து துணியையோ பிரைடிலையோ வெளியே தொங்கவிட்டுவிடாதீர்கள். விமானத்தின் கதவருகே பைலட் சூட் தானாக வெளியே வந்தால், உங்களோடு விமானத்தின் வாலும் மற்றவர்களும் ஆபத்தில்.

செகண்ட் ஹேண்ட் ரிக் என்றீர்களே, அதில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முந்தின சொந்தக்காரர் பைலட் சூட்டை மட்டும் மாற்றியிருக்கலாம். சின்னதுக்குத் தைத்த உறையில் பெரிய வட்டத்தைத் திணித்தால் எப்படி மடித்தாலும் இறுகும். அதே மாதிரி, கண்டெய்னர், அதாவது முதுகுப் பை, கொள்ளாத அளவு மெயினை அடைத்திருந்தால் அது கீழே புடைத்து உறையை நெரிக்கும். இவை மடிப்பால் தீராது, ரிக்கரிடம் எடுத்துப் போங்கள்.

பின் கோத்திருக்கும் கயிற்று வளையமான குளோசிங் லூப் இறுக்கமாக இருப்பதால்தான் கைக்கு வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களுடையது எறியும் வகை. லூப் இறுகினாலோ காக் செய்ய மறந்தாலோ பைலட் சூட் சுலபமாக வெளியே வந்து, பின்னை உருவ முடியாமல் பின்னால் தொங்கும். அது வேறு ஆபத்து. கையாலேயே பின்னை உருவும் புல்-அவுட் வகையில்தான் லூப்பின் இறுக்கம் கைக்குத் தெரியும்.

கடைசியாக அந்த ரிக்கர் எனக்குச் சொல்லித் தந்த சோதனை. மடித்து முடித்ததும் ரிக்கை மாட்டிக்கொண்டு, நண்பர் ஒருவரைக் கைப்பிடியை மிக மெதுவாக இழுக்கச் சொல்லி, இன்னொருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வேகமாக இழுத்தால் எல்லாமே வந்துவிடும், ஒன்றும் தெரியாது. மெதுவாக இழுத்தால் எந்த மடிப்பு எங்கே மாட்டுகிறது என்று கண்ணுக்கே தெரியும். பத்துத் தடவை மடித்துப் பத்துத் தடவை இழுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

அக்கா, துபாயில் பயிற்சி எடுக்கிறேன். 12 ஜம்ப். எனக்குக் கையில் பலம் குறைவு. ஜிம்முக்குப் போனால் சரியாகுமா?

போங்கள் தங்கச்சி, உடம்புக்கு நல்லது. ஆனால் சரியாக மடித்த பைலட் சூட்டுக்குப் பலம் தேவையில்லை. நீங்கள் இழுக்கும் திசையைக் கவனியுங்கள். உறையின் வாய் வலப்பக்கம் பார்க்கிறது, அதனால் நேராக வலப்பக்கம் இழுக்க வேண்டும். பதற்றத்தில் பலர் மேலேயோ கீழேயோ இழுக்கிறார்கள். அப்போது வாயின் விளிம்பு துணியைக் கடித்துக்கொள்ளும். தடித்த கையுறையோடு தரையில் பழகியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பயிற்சி ரிக்கை நீங்கள் மடிக்கவில்லை என்றாலும், போட்டுக்கொள்ளும் முன் கைப்பிடி எங்கே இருக்கிறது, எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று தொட்டுப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சந்தேகம் என்றால் மறுபடி மடிக்கச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் ஆள் மடித்த ரிக்கில் நான் ஏற மாட்டேன்.

என் மகன் அமெரிக்காவில் இந்த விளையாட்டில் இறங்கியிருக்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பயமாக இருக்கிறது. ஃபோனில் அவனிடம் என்ன கேட்பது? – ஒரு தாய், மதுரை

அம்மா, "குதிக்காதே" என்று சொன்னால் உங்களிடம் சொல்லாமல் குதிப்பான். இதைக் கேளுங்கள்: "ரிசர்வ் எப்போது ரீபேக் ஆனது?" அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை, உரிமம் பெற்ற ரிக்கர் அதைப் பிரித்துப் பார்த்து மடித்தே ஆக வேண்டும். அடுத்து, "தானாகத் திறக்கும் கருவி போட்டிருக்கிறாயா?" ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991-ல் கொண்டுவந்த சைப்ரஸ் போன்ற கருவிகள், சுமார் 750 அடியிலும் வேகம் குறையாமல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வைத் தாமே திறந்துவிடும். மூன்றாவது, "இழுத்து வரவில்லை என்றால் எத்தனை தடவை இழுப்பாய்?" அவன் யோசிக்காமல் "இரண்டு" என்று சொல்ல வேண்டும். யோசித்தால் அடுத்த ஃபோனிலும் கேளுங்கள்.